கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்கு எந்த அறுப்பு வண்டி?

கேள்வி இதுதான். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கும் நல்லேப்பிள்ளிக்கும் நடுவில் மூன்று பேர், சொந்தமும் குத்தகையுமாக 30 ஏக்கர் நெல். போன ஐப்பசி மழையில் வண்டி கிடைக்காமல் கதிர் சாய்ந்து, பாதி வயலில் முளைத்தே விட்டது. அதனால் கூட்டாக ஒரு அறுப்பு வண்டி வாங்கிவிடலாம் என்று இருக்கிறார்கள். குபோட்டாவா, கிளாஸா, யன்மாரா, இல்லை பஞ்சாப் டயர் வண்டியா? என்ன விலை ஆகும்? டீலரைப் பொள்ளாச்சியில் பிடிப்பதா, பாலக்காட்டிலா? மூவரில் ஒருவரின் மாமா பல வருஷமாக ஒரே டீலரிடம் டிராக்டர் எடுக்கிறவர். அவர் மூலமாகப் போனால் விலை குறையுமா?

எங்கள் பாடசேகரத்துக்கு (பக்கத்துப் பக்கத்து நெல் வயல்காரர்களின் கூட்டு) ஒவ்வொரு அறுப்புக்கும் வண்டி பேசிக் கொண்டுவரும் வேலை என் தலையில்தான். நடுவில் சில வருஷம் கூட்டாக ஒரு பெல்ட் வண்டியும் (டயருக்குப் பதில் ரப்பர் டிராக்கில் ஓடுவது) வைத்திருந்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்பது நீங்கள் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. வருஷத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் 30 ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். பெல்ட் வண்டிக்கு ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்தால், ஒரு போகத்துக்கு 37, 38 மணி. இரண்டு போகமும் சேர்த்து 75. அக்கம்பக்கத்து வயல் எல்லாவற்றையும் பிடித்தாலும் 200 மணியைத் தாண்டுவது கஷ்டம். ஏனென்றால் எல்லோர் வயலும் ஒரே பதினைந்து நாளில் பழுக்கும். அவ்வளவு பேருக்கும் ஒரு வண்டி எப்படி ஓடும்?

இப்போது வரவு செலவு. வாடகை மணிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் 8 லிட்டர், லிட்டர் 95 ரூபாய் என்றால் 760. டிரைவருக்கும் கூட வரும் ஆளுக்கும் மணிக்கணக்கில் 300. வயல் பிடித்துக் கொடுக்கிற புரோக்கருக்கு 150. பிளேடு, பெல்ட், பேரிங், ரோலர், ரப்பர் டிராக் என்று தேய்மானத்துக்கு 350 ஒதுக்கினால்தான் ஏமாறாமல் இருப்பீர்கள். மிச்சம் 840. 20 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 43,500 பக்கம் வரும். வருஷத்துக்கு 5 லட்சத்து 22 ஆயிரம். அதை 840-ஆல் வகுத்துப் பாருங்கள், 620 மணி. அதாவது வருஷம் 620 மணி ஓடினால் தவணை மட்டும் கட்டலாம். கையில் இருந்து போட்ட முதலுக்கு ஒரு பைசா வராது. 200 மணி ஓடினால் வண்டி உங்களைத்தான் அறுக்கும்.

ஆகவே வாங்கினால் ஊர் ஊராக ஓட்ட வேண்டும். ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்து வண்டிக்காரர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். நமக்கு முதல் போகம் செப்டம்பர், அக்டோபர். அது முடிந்ததும் கர்நாடகத்தில் துங்கபத்திரைப் பாசனப் பகுதி, கங்காவதி, சிந்தனூர். தை பிறந்தால் டெல்டா சம்பா. மாசியில் நம் இரண்டாம் போகம். அப்புறம் திருச்சூர் கோள் நிலம், குட்டநாட்டுப் புஞ்சை, இல்லாவிட்டால் நெல்லூர். இந்தச் சுற்றில் ஒரு முடிச்சு இருக்கிறது. டெல்டா அறுப்பின் வால் பகுதியும் நம்முடைய மாசி அறுப்பின் தலையும் ஒன்றோடொன்று மோதும். அங்கே அறுப்பு இழுத்தால் இங்கே வண்டி வராது, வாடகை ஏறும். உங்களிடம் சொந்த வண்டி இருந்தாலும் இதே சிக்கல்தான். மன்னார்குடியில் மணிக்கணக்கில் சம்பாதித்துக்கொண்டிருக்கிற வண்டியைத் திருப்பிக் கொண்டுவர மூன்று பங்காளிகளுக்கும் ஒரே நாளில் மனசு வர வேண்டும். கூட்டு வண்டிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. வண்டி எடுப்பதற்கு முன்னால், எந்தத் தேதிக்கு எங்கே இருந்தாலும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் துணிந்து இறங்குவதாக இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் அறுப்புக்கு ஒரு மாதம் முன்பே முன்பணம் கொடுத்து, நல்ல டிரைவர் உள்ள ஒரு வண்டியைப் பாடசேகரத்தின் பேரில் பேசி வைப்பது எவ்வளவோ மலிவு.

பெல்ட்டா டயரா என்பதற்கு மண்ணும் மழையும் பதில் சொல்லும். இரண்டாம் போக அறுப்பில் தரை காய்ந்து கிடக்கும். 14 அடி கட்டர் பார் (முன்னால் கதிரை அறுக்கிற பகுதி) வைத்த பஞ்சாப் டயர் வண்டி நன்றாக ஓடும், ஏக்கரைச் சீக்கிரம் முடிக்கும், மணி வாடகையும் குறைவு. ஆனால் முதல் போக அறுப்பில் வயல் சொதசொத என்று இருக்கும். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கரிசல் மண் வேறு. ஈரமானால் டயரை விடாது. நம் வயல்களும் சிறியவை. 14 அடி வண்டி ஒரு வயலிலிருந்து அடுத்ததற்கு இறங்க வரப்பை வெட்ட வேண்டும், அதற்குப் பக்கத்து வயல்காரர் சம்மதிக்க வேண்டும். உங்களுக்கு வலி கொடுத்தது ஐப்பசி மழை. அதற்கு மருந்து பெல்ட் வண்டிதான். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: கரிசல் சேறு ரோலருக்கும் டிராக்குக்கும் நடுவில் அப்பி இறுகும். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் தண்ணீர் அடித்துக் கழுவாமல் விட்டால் மறுநாள் கல்லாகிவிடும், ரோலர் சீல் போய்விடும். கடப்பாரையால் நோண்டுகிற டிரைவர் டிராக்கைக் கிழிப்பார்.

வைக்கோல் விஷயத்தையும் மறக்க வேண்டாம். நம் சித்தூர் தாலுகாவில் மாடு இல்லாத நெல் விவசாயி குறைவு. பெல்ட் வண்டி தாழ அறுப்பதால் வைக்கோல் கூடுதலாகத் தேறும்.

சரி, கம்பெனிகள். பெல்ட் வண்டியில் நம் பக்கம் கண்ணில் படுவது முக்கியமாக மூன்று. குபோட்டாவில் டிசி-68ஜி, 68 குதிரைத்திறன். யன்மாரில் ஏடபிள்யூ வரிசை, 70 குதிரைத்திறன் பக்கம். கிளாஸில் கிராப் டைகர். குபோட்டா 2008-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து இந்தியாவுக்கு வந்தது. யன்மார் 2014-ல் கோரமண்டல், மிட்சுயியோடு கூட்டு சேர்ந்து, அதுவும் சென்னையில்தான், கடை திறந்தது. கிளாஸ் இவர்களுக்கு மூத்தது; 1990-களில் எஸ்கார்ட்ஸோடு கூட்டாக வந்து, பிறகு தனியாகி, பஞ்சாபில் மொரிண்டாவில் தொழிற்சாலை போட்டது. வேடிக்கை என்னவென்றால், அன்று கிளாஸோடு இருந்த எஸ்கார்ட்ஸ் இப்போது எஸ்கார்ட்ஸ் குபோட்டா. கிளாஸின் இந்திய நிறுவனத்தை யன்மார் வாங்குவதாக 2025-ல் அறிவிப்பு வந்தது. 'நாங்கள் பரம்பரையாக கிளாஸ்', 'நாங்கள் குபோட்டா' என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் இதையெல்லாம் கொஞ்சம் பார்க்க வேண்டும். கம்பெனிகளே ஜோடி மாற்றிக்கொள்கின்றன, நமக்கு என்ன பிடிவாதம்?

வேலையில் என்ன வித்தியாசம்? கிராப் டைகரில் கதிர் முதலில் ஒரு குறுக்கு டிரம்மில் அடிபட்டு, பிறகு நீள டிரம்மில் சுற்றி வரும். ஈர வைக்கோலும் தழைந்த பயிரும் வந்தால் அது அடைக்காமல் விழுங்குகிறது என்பது என் எண்ணம். குபோட்டா இலகுவானது, சின்ன வயலில் சட்டென்று திரும்பும், புது டிரைவர் கையிலும் பழகிவிடும். நம் பக்கத்து டிரைவர்களில் அதிகம் பேர் தொழில் கற்றதும் அதில்தான், பழைய வண்டி விற்கும்போது ஆள் தேடி வருவதும் அதற்குத்தான். யன்மார் நெல் சுத்தமாக வருகிறது என்று ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள், நான் பார்த்த வரையில் பொய் இல்லை. டயர் வண்டியில் பிரீத், கர்தார், தஸ்மேஷ் எல்லாம் பஞ்சாப் சரக்கு. இரும்பு கனம், அமைப்பு எளிது, எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைத்து ஓட்டலாம். அசோக் லேலண்ட் இன்ஜின் வைத்த வண்டி என்றால் லாரி மெக்கானிக்கே பார்த்துவிடுவார். இது சின்ன விஷயம் இல்லை.

விலை என்று பார்த்தால் பெல்ட் வண்டி 25 முதல் 30 லட்சத்துக்குள் நிற்கும்; 14 அடி டயர் வண்டி அதைவிடக் கொஞ்சம் கீழே; டிராக்டரில் மாட்டுகிற வகை அதில் பாதிக்குச் சற்று மேலே அல்லது கீழே, டிராக்டர் விலை தனி. 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 25 லட்சம் என்றால் 1 லட்சத்து 75 ஆயிரம் மிச்சம். டீலர் தருகிற கொட்டேஷனில் வரிக்கு முந்தைய விலையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். வரி குறைந்ததை 'ஸ்பெஷல் தள்ளுபடி' என்று நமக்கே திருப்பி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

விலையைவிட முக்கியமான மாற்றம் ஒன்று 2023-ல் நடந்தது. அந்த ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட விவசாய இன்ஜின்களுக்கு டிரெம் 4 புகை விதி வந்தது. அதற்குப் பிந்தைய இன்ஜின்களில் டீசலைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ். பழைய வண்டி மக்கர் செய்தால் ஸ்பேனரும் காதும் போதும். நம் மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் என்று சொல்வார். புது வண்டியில் ஒரு சென்சார் போனால் விளக்கு எரியும், இன்ஜின் இழுக்காது. லேப்டாப் கொண்டுவந்து மாட்டினால்தான் என்ன கோளாறு என்றே தெரியும். அந்த லேப்டாப் டீலரிடம்தான் இருக்கும். கேனில் பிடித்து வைத்த டீசலில் துளி தண்ணீர் இருந்தாலும் இந்த இன்ஜின்கள் மன்னிக்காது.

டீலர் பேச்சு இப்போது பெரிதாகிவிட்டதற்குக் காரணம் இதுதான். எங்கள் வண்டிக்கு ஒரு மாசி மாதச் சனிக்கிழமை மத்தியானம் இப்படி விளக்கு எரிந்தது. கம்பெனி பேர் வேண்டாம், யாருக்கும் நடக்கக்கூடியதுதான். டீலருக்குப் போன் போட்டால், "சர்வீஸ் பையன் கோபியில இருக்கானுங்க, திங்கக்கிழமை காலையில முதல் வேலையா அனுப்பறேன்" என்றார். வயலில் நெல் பழுத்து நிற்கிறது, பக்கத்தில் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் புரோக்கர் வேறு வண்டியை இறக்கிவிட்டார். திங்கட்கிழமை வந்த பையன் அரை மணி நேரத்தில் சரி செய்தான். மாற்றிய சாமானின் விலை ஒரு மணி வாடகைகூட இல்லை. எங்களுக்குப் போனது இரண்டு நாள் ஓட்டமும் அந்தப் பாடசேகரமும்.

அதனால் டீலரிடம் போனால் விலைக்கு முன் இதைக் கேளுங்கள். லேப்டாப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் உங்களிடம் எத்தனை பேர்? அவர்கள் வீடு எங்கே? அறுப்புக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வருவார்களா? ஃபீடர் செயின், கட்டர் பிளேடு, சல்லடை, பெல்ட் செட், ரோலர் இவை கடையில் இப்போது இருக்கிறதா? இருக்கிறது என்றால் காட்டச் சொல்லுங்கள். எழுந்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறவர் நல்ல டீலர். "ஆர்டர் போட்டா ரெண்டே நாள்ல வந்துருமுங்க" என்கிறவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொள்ளாச்சியா பாலக்காடா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கம்பெனிகள் டீலருக்கு ஏரியா பிரித்துக் கொடுத்திருக்கும். தமிழ்நாட்டு டீலரிடம் எடுத்த வண்டி கேரளத்தில் நின்றால், 'அது அவங்க ஏரியா' என்று இரண்டு பக்கமும் கை காட்டுகிற கதை நடக்கும். நமக்கு எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் கிட்டத்தில்தான், பொள்ளாச்சிக் கடை பாலக்காட்டுக் கடையைவிடக் கிட்டத்தில்கூட இருக்கலாம்; ஆனாலும் வாரண்டி காலத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து பார்ப்பது யார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தஞ்சாவூருக்கும் நெல்லூருக்கும் போகப்போகிறீர்கள் என்றால் அந்தந்த ஊரில் சாமான் கிடைக்குமா என்பது உள்ளூர் டீலரைவிட முக்கியம். பெல்ட் வண்டியில் குபோட்டாவுக்கு இருக்கிற பெரிய பலம் என் கணக்கில் இதுதான், இன்ஜினோ டிரம்மோ இல்லை. எந்த அறுப்பு ஊரிலும் அதன் சாமானோ, அதைத் தெரிந்த ஆளோ கிடைத்துவிடும்.

மாமாவின் பழக்கம் உதவுமா? விலையில் பெரிதாக உதவாது. டிராக்டர் விற்கிறவரும் அறுப்பு வண்டி விற்கிறவரும் பல நேரம் வேறு வேறு ஆட்கள். ஒரே ஆளாக இருந்தாலும் அறுப்பு வண்டியில் அவருக்கு நிற்கிற லாபத்தில் பழகிய முகத்துக்காக விட்டுக்கொடுக்கிற தொகை நீங்கள் மூன்று கொட்டேஷன் வாங்கி மேஜையில் வைத்தாலே வந்துவிடும். பழக்கம் வேறு இடத்தில் பலன் தரும்: சீசனில் கடனுக்குச் சாமான் கிடைக்கும், ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து பேரிங் எடுத்துக் கொடுப்பார்கள், உங்கள் வண்டி வரிசையில் முன்னால் போகும். இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களின் விசுவாசம் போர்டின் மேல் இல்லை, மெக்கானிக்கின் மேல். ஒரு நல்ல மெக்கானிக் கடை மாறினால் அவர் பார்த்த வண்டிகளெல்லாம் அவர் பின்னாலேயே போகும். டீலர்களுக்கும் இது தெரியும். மாமாவிடம் கேட்பதென்றால், முதலாளியை அறிமுகப்படுத்துவதைவிட அந்த மெக்கானிக்கின் நம்பரைக் கேளுங்கள்.

டிரைவர் விஷயத்தைக் கம்பெனியைவிட மேலே வைப்பேன். வாடகை மணிக்கணக்கு என்பதால் வயல்காரரே வரப்பில் நின்று "வேகமா போங்கண்ணா" என்று விரட்டுவார். வேகம் கூடினால் வைக்கோலோடு நெல்லும் பின்னால் பறக்கும். வண்டி போன தடத்தில் சும்மா உட்கார்ந்து, ஒரு சதுர அடியில் கிடக்கிற மணியை எண்ணிப் பாருங்கள். வயல் முழுக்கச் சராசரியாகச் சதுர அடிக்கு 60 மணி கிடந்தால் ஏக்கருக்கு 65 கிலோ போச்சு. சப்ளைகோ (நெல் கொள்முதல் செய்கிற கேரள அரசு நிறுவனம்) விலை கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 1,950 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு மணி வாடகை. மீட்டரில் கால் மணி மிச்சம் பிடிக்கப் போய் அதைவிட அதிகம் மண்ணில் விட்டிருப்போம். புளோயர் காற்றைக் குறைத்து, சல்லடையைத் திறந்து, ஒரு கியர் இறக்கினால் பாதி நின்றுவிடும். சாய்ந்த பயிர் என்றால் கதிரை உள்ளே வாரித் தள்ளுகிற ரீலைத் தாழ்த்தி முன்னால் தள்ளி, கதிர் சாய்ந்த திசைக்கு எதிராக அறுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் வெறும் வண்டியாகத் திரும்பி வர வேண்டியிருக்கும், நேரம் பிடிக்கும். இதைக் கேட்காமலே செய்கிற டிரைவர் கிடைத்தால் எந்தக் கம்பெனி வண்டியும் நல்ல வண்டிதான். ஜோதியோ உமாவோ, என்ன நெல் போட்டிருக்கிறீர்கள் என்று இறங்கியதும் கேட்கிறாரா என்று பாருங்கள். உமா அறுத்த புதிதில் சீக்கிரம் முளைக்காது, இரண்டு நாள் மழைக்குத் தாங்கும். ஜோதி நிற்கிற வயலை முதலில் முடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பழைய வண்டி எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஏக்கருக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2023-க்கு முந்தைய பெல்ட் வண்டி, 10 முதல் 14 லட்சத்துக்குள், லேப்டாப் தேவைப்படாதது. எத்தனை மணி ஓடியது என்று காட்டுகிற ஹவர் மீட்டரை நம்பாதீர்கள், அதை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. டிரம் மூடியைத் திறந்து பற்களைத் தடவிப் பாருங்கள்; முன்பக்க விளிம்பு தேய்ந்து பிளேடு மாதிரி கூராகியிருந்தால் நிறைய ஓடியது. நெல்லைத் தள்ளிக்கொண்டு போகிற திருகான ஆகரின் தகட்டைத் தட்டிப் பாருங்கள், தகரம் மாதிரி மெலிந்திருந்தால் வேறு சத்தம் வரும். இன்ஜின் சூடானபின் மேட்டில் ஏற்றுங்கள். வண்டியை நகர்த்துகிற ஹைட்ரோஸ்டேட்டிக் பம்ப் போயிருந்தால் ஆறின வண்டியில் தெரியாது, சூட்டில்தான் திணறும். அந்தப் பம்ப் மாற்றுவது லட்சக் கணக்கு, விலை பேசும்போது கழித்துக்கொள்ளுங்கள்.

புதிதுதான் என்று முடிவு செய்தால் மானியத்தைக் கிருஷி பவனில் (கேரள வேளாண் துறை அலுவலகம்) முதலில் பேசுங்கள். மத்திய அரசின் விவசாய இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 40 சதவீதம், சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரை உண்டு. இரண்டுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. போர்ட்டலில் பதிந்து அனுமதி வந்த பிறகுதான் பில் போட வேண்டும், முதலில் வண்டி எடுத்துவிட்டுப் போய் நின்றால் பலன் இல்லை. வாடகை மையமாகப் பதிந்தால் விவசாய உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடியும் கிடைக்க வாய்ப்பு உண்டு, அதிகபட்சம் 7 வருஷத்துக்கு. மேலே போட்ட தவணைக் கணக்கில் 11-ஐ 8 ஆக்கிப் பாருங்கள். 620 மணி 580 பக்கம் இறங்கும். அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், வருகிற முதல் போகத்துக்கு வண்டி வேண்டும் என்றால் இரண்டாம் போகம் அறுத்த கையோடு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.